கல்லுளிமங்கி ‘வரேன்’ சொன்ன கதை

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் கூப்பிடுவதென்னவோ கல்லுளிமங்கி என்றுதான். அவசரத்துக்கு மங்கி. எதைக் கேட்டாலும் மனசில் இருப்பதை வெளியே விடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நம்மவர்கள் வைத்திருக்கிற பட்டம் அது. இவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. பிற்பாடு கல்லூரியில் அவளுக்கு வாய்த்த படிப்பும் கல்லைப் பற்றியதாகவே அமைந்தபோது, பட்டம் வைத்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறந்தபோதே அவள் அழவில்லையாம். நர்ஸ் முதுகில் தட்டினாளாம், உள்ளங்காலைச் சுண்டினாளாம், கடைசியில் ‘ங்’ என்று ஒரு சத்தம் வந்ததாம், அதுவும் ‘போதுமா?’ என்கிற மாதிரி. இது அவள் அம்மா சொல்லும் கதை. அம்மா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ‘ங்’கை நான் நம்புகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மங்கியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய மேசை இருக்கிறதே, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவள்தான். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவது அவளுடைய பெருமை. கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தால், “மாடி, இடது பக்கம்.” தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தால், “நேரா போய் கடைசி ரூம், இன்னைக்கு டாக்டர் லேட்.” பூங்கொத்தும் அசட்டுச் சிரிப்புமாக ஒருவன் வந்தால், “பிரசவ வார்டு அந்தப் பக்கம், பையனா பொண்ணா?” இப்படிப் பகல் முழுவதும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன வாய், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா என்ன?

“பாப்பா எந்த கிளாஸ் படிக்கிறே?” என்று யாராவது குனிந்து கேட்பார்கள். “மூணாவது,” என்பாள் அம்மா. “பாப்பாவுக்கு என்ன ஐஸ்க்ரீம்?” “அவளுக்கு வெனிலாதான்.” “பாப்பா ஏன் பேச மாட்டேங்குது?” “அவ அப்படித்தான், கல்லுளிமங்கி.” பாப்பா வெனிலாவையே தின்று வளர்ந்தாள். அதில் அவளுக்குக் குறையும் ஒன்றுமில்லை. மற்றது என்ன ருசி என்று தெரிந்தால்தானே குறைப்பட?

அப்பா வேறு ரகம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார். நாள் முழுக்க இருட்டறையில் யாரோ ஒருவர் மூக்கின் மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளைப் போட்டும் எடுத்தும், “இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?” என்று கேட்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் உலகத்தில் எந்த விஷயத்துக்கும் இரண்டே வழிகள்தான் உண்டு என்று அவருக்கு ஒரு முடிவு. காப்பியா, டீயா? நீலமா, பச்சையா? மூன்றாவதாக ஒன்றை நீட்டினால் மனுஷனுக்குக் கண்ணைக் கட்டிவிடும்.

பள்ளிக்கூடம் முடிந்து கல்லூரியில் இடம் கேட்டுப் போன அன்றைக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மங்கியைப் பார்த்து, “என்னம்மா படிக்கணும்?” என்றார். “கம்ப்யூட்டர்,” என்றாள் அம்மா. “நிர்வாகம்,” என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அப்புறம் அங்கேயே, அந்த வரிசையின் தலைமாட்டிலேயே, இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மங்கி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள். சண்டை ஓய்ந்தபோது மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ரெண்டும் நிரம்பிடுச்சு. நிலவியல் இருக்கு, வேணுமா?” என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நிலவியலா? குடுங்க, குடுங்க!”

பெண்ணுக்கு நிலாவைப் பற்றிய படிப்பு கிடைத்திருக்கிறது, ராக்கெட் எல்லாம் விடப்போகிறாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எலும்பு டாக்டர் கைகொடுத்தார். முதல் வாரம் மங்கி கல்லூரியிலிருந்து ஒரு சுத்தியலும் ஒரு சாக்குப்பையும், அதில் கல்லுமாக வீட்டுக்கு வந்து நின்றபோதுதான், அந்த நிலவியலில் நிலவே கிடையாது, வெறும் நிலம்தான் என்று தெரிந்தது. அம்மா அந்தக் கல்லைப் பார்த்த பார்வையில் கல்லே கரைந்திருக்கும். “என் பொண்ணு கல்லு பொறுக்கப் போறா,” என்று சித்தியிடம் போனில் அழுதாள். பாவம், எங்கேயோ மாட்டிக்கொண்டுவிட்டாள், வாயில்லாப் பூச்சி, என்று வீடே உச்சுக் கொட்டியது.

யாருக்கும் தெரியாத சங்கதி என்னவென்றால், வாயில்லாப் பூச்சிக்கு அந்தப் படிப்பு உயிராகிவிட்டது. அதுவும் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்து மூலையில், சீட்டுக்கட்டு அளவுக்கு இருந்த ஒரு படத்தால். கடலோரத்தில் ஒரு பாறைச் சுவர். அதன் கீழ்ப்பாதியில் பாறை அடுக்குகள் அலமாரியில் புத்தகங்கள் நிற்பது மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. மேல்பாதியில் அதே புத்தகங்களை யாரோ படுக்கவைத்த மாதிரி அடுக்குகள் கிடக்கின்றன. நடுவே ஒரு கோடு. பாடம் நடத்தியவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: “கீழ இருக்கறது நிமிர்ந்து, தேஞ்சு, அப்புறம்தான் மேல இருக்கறது படிஞ்சிருக்கு. நடுவுல பல கோடி வருஷத்துக்குக் கணக்கே இல்ல. அந்தக் கோட்டுக்குள்ள காணாமப் போயிடுச்சு.” சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மங்கியால் புரட்ட முடியவில்லை. பல கோடி வருஷம், ஒரு உள்ளங்கைக்குள் மறைந்துவிடுகிற கோட்டில்! அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவை கையை வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வந்த ஆசை இருக்கிறதே, அதுமாதிரி ஓர் ஆசை அவளுக்கு அதற்கு முன் எதன் மேலும் வந்ததில்லை. வந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் வருஷம் கல்லூரியிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அரை வருஷம் படித்துவிட்டு வரலாம். நிலவியல் துறையிலிருந்து மங்கிக்கு அந்த வாய்ப்பு. மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்றில் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கலாம். ‘அவளே’ என்றுதான் எழுதியிருந்தது. அதை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதலாவது, ஒரு பெரிய நகரத்தில், முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. அதைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. “கல்லையும் கொஞ்சம் பாத்துக்கலாம், கூடவே நிர்வாகமும் படிச்சுக்கலாம்,” என்றார். இரண்டாவது, சித்தி இருக்கிற ஊரில். சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கேதான். “சித்தி வீட்டுல இருந்து படிச்சா எனக்கு நிம்மதி,” என்று அம்மா தீர்மானமே போட்டுவிட்டாள். மூன்றாவது, யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கடலோர ஊர். அந்தப் பாறைச் சுவர் இருப்பது அங்கேதான். பல்கலைக்கழகத்துப் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தால் போதும்.

அதைப் படித்த நிமிஷத்திலிருந்து மங்கியின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். சாப்பாட்டு மேசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். “என்ன, தண்ணியா?” என்று அம்மா டம்ளரை நகர்த்தினாள். மங்கி தண்ணீரைக் குடித்தாள். மறுநாள் மறுபடியும் திறந்தாள். உப்பு வந்தது.

அப்பா தன் பங்குக்கு அவளைக் கடைக்கு வரச்சொன்னார். இருட்டறையில் நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகை மாட்டியிருந்த சுவரில் கண்ணாடிக் கட்டிடத்தின் படத்தை ஒட்டினார். “இது நல்லா இருக்கா?” அதை எடுத்துவிட்டு சித்தி ஊர்ப் படத்தை ஒட்டினார். “இதுவா? இல்ல, முன்னாடி காட்டினதா?” நியாயமான மனுஷன் இல்லையா, அம்மாவின் கட்சியையும் விட்டுவிடவில்லை. மூன்றாவது படம் கல்லாப்பெட்டி மேல் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. மங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டீ வேணுமாம்மா?” என்றார் அப்பா.

அந்த வாரக் கடைசியில் கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கத்தில் அந்தப் பல்கலைக்கழகங்களின் ஆட்களெல்லாம் வந்து மேசை போட்டார்கள். கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை துணிப்பை, பேனா, மிட்டாய். குடும்பமே போயிற்று. அப்பா பேனா பேனாவாக எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அம்மா ஒவ்வொரு மேசையிலும் துவைக்கிற மெஷின் எத்தனை மாடிக்கு ஒன்று என்று விசாரித்தாள். விசாரணை மேசைக்காரி விசாரிக்க ஆரம்பித்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு முழி பிதுங்கிவிடும்.

கண்ணாடிக் கட்டிடத்து மேசையில் இருந்தவள் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி. அவள் ஆங்கிலத்தில் மடை திறந்த மாதிரி பேச, அப்பா புரிந்ததற்கும் புரியாததற்கும் தலையாட்டினார். மங்கிக்கு அங்கிருந்து கழன்றுகொண்டால் போதும் என்றிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புவது மரியாதையா? கிளம்பும்போது நாம் என்ன சொல்வோம்? போகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டோம். வரேன் என்போம். அதையே அவள் அந்தப் பெண்மணிக்குப் புரிகிற பாஷையில், பணிவாக, சிரித்த முகமாகச் சொன்னாள்:

“ஓகே மேடம். ஐ வில் கம்.”

சிவப்புக் கோட்டு துள்ளி எழுந்தாள். மங்கியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். பெயரையும் அப்பாவின் போன் நம்பரையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள், ஒரு தொப்பி கொடுத்தாள். போய்வருகிறேன் என்றதற்கே இத்தனை உபசாரமா, என்ன நல்ல ஜனங்கள், என்று மங்கிக்கு உருகிவிட்டது.

அடுத்து சித்தி ஊர் மேசை. அங்கே ஒரு தாடிக்காரர். அம்மா துவைக்கிற மெஷினை முடித்துக்கொண்டு குளிர் எப்படி என்பதற்கு வந்திருந்தாள். மங்கி மெல்ல நகர்ந்தபடி அவரிடமும் மரியாதையாக, “ஐ வில் கம், சார்,” என்றாள். தாடிக்காரர் அவளோடு சேர்ந்து நின்று போட்டோவே எடுத்து, அனுப்பிவைக்க அம்மாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது மேசை கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. துணிப்பையும் இல்லை, மிட்டாயும் இல்லை. தூங்கி வழிகிற ஒரு நெட்டையர். அவருக்கு முன்னால் ஒரு கல். அவர் தலைக்குப் பின்னால், ஓரம் சுருண்டு, ஆள் உயரத்துக்கு அந்தப் பாறைச் சுவரின் படம். புத்தகத்தில் சீட்டுக்கட்டு அளவில் இருந்தது இங்கே வாசற்கதவு அளவில் நின்றது. அந்தக் கோடு அவள் நெஞ்சுக்கு நேராக ஓடியது. நெட்டையர் விழித்துக்கொண்டு ஏதோ கேட்டார். மங்கி வாயைத் திறந்தாள், மூடினாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஒரு வரேன்கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். பாருங்கள் கூத்தை! வேண்டாத இரண்டு இடத்தில் வரேன், வேண்டிய இடத்தில் ஊமை.

அடுத்த வாரம் வீட்டில் இரண்டு பண்டிகை நடந்தது, ஒன்றுக்கொன்று தெரியாமல். பெண்ணின் வருகையை எதிர்பார்த்துக் காத்திருப்பதாகக் கண்ணாடிக் கட்டிடத்திலிருந்து அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. அவர் அம்மாவின் மனசு நோகக் கூடாதே என்று அதை அடக்கி வைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். சித்தி ஊரிலிருந்து அம்மாவுக்கு அந்தப் போட்டோவே வந்துவிட்டது. அவள் அப்பாவின் மனசு நோகக் கூடாதே என்று அதை மறைத்து, சித்திக்கு மட்டும் அனுப்பினாள். சித்தி அன்றைக்கே ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டாள். ஆளுக்கு ஆள் மங்கியைத் தனியாகப் பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள். எதற்கென்று தெரியாமல் அவள் திருதிருவென விழித்தாள்.

குட்டு உடைந்தது கல்லூரியில். வெளிநாட்டுப் படிப்பை எல்லாம் கவனிக்கும் அலுவலர் ஒரு அம்மாள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடைசித்தேதி மேடம். குட்மார்னிங் சொன்னாலும் பதிலுக்குக் கடைசித் தேதியைத்தான் சொல்வார். அவர் மூன்று பேரையும் தன் அறைக்கு வரவழைத்தார்.

“உங்க பொண்ணு ஒண்ணா, ரெண்டா?” என்று ஆரம்பித்தார். “ரெண்டு யூனிவர்சிட்டிக்கும் வரேன்னு வாயால சொல்லியிருக்கா. ரெண்டு பேரும் ரூம் ஒதுக்கிட்டு என் தலையை உருட்டறாங்க. கடைசித் தேதி இன்னைக்கு சாயங்காலம். எந்த ஊர்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“நீ சொன்னியா?”

“அவ என் தங்கச்சி ஊருக்குத்தான் ஆசைப்படறா. போட்டோ பாருங்க, எப்படிச் சிரிக்கறா!”

“இங்க பாரு, தொப்பியே வாங்கியிருக்கா. பிடிக்காமயா வாங்குவா?”

“மங்கி, நீ சொல்லு,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மூச்சு விடாமல், “அவ என்ன சொல்லுவா, சித்தி ஊருதான்,” என்றாள்.

கடைசித்தேதி மேடம் ஒரு தாளைத் தனியே எடுத்து ஓரமாகப் போட்டார். “இந்த மூணாவதுக்கு யாருமே கேக்கல. ஒரே ஒரு இடம். அதை சாயங்காலம் வேற காலேஜுக்குத் திருப்பி விட்டுடறேன். அது ஒரு வேலை முடிஞ்சுது.”

சரியாகச் சொன்னால் அந்தத் தாள் மேசையில் விழுந்த சத்தம்தான் மங்கியை உலுக்கிவிட்டது. பல கோடி வருஷம் அவள் கண்ணெதிரே இரண்டாவது தடவையாகக் காணாமல் போகப் பார்த்தது.

“எனக்கு அதுதான் வேணும்.”

யார் பேசியது என்று மூன்று பேரும் சுற்றிப் பார்த்தார்கள். மங்கிக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் கதவு ஒரு தடவை திறந்துவிட்டது. அப்புறம் யாரால் சாத்த முடியும்? பாறைச் சுவரைச் சொன்னாள். நிற்கிற அடுக்கைச் சொன்னாள், படுத்த அடுக்கைச் சொன்னாள். மேடத்தின் மேசையில் இருந்த கோப்புகளை எடுத்து நிற்கவைத்தும் படுக்கவைத்தும் காட்டினாள். கடல் எப்படி வந்தது, எப்படிப் போனது, மலை எப்படித் தேய்ந்தது, இடையில் தொலைந்த காலத்தை எதை எதையெல்லாம் வைத்து ஊகிக்கலாம், அதில் யார் யாருக்கு என்ன சண்டை, அந்தச் சண்டையில் தனக்கு யார் கட்சி என்பது வரைக்கும் சொன்னாள். பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. மேடத்தின் காப்பி ஆடை கட்டிவிட்டது. நடுவில் அம்மா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். “இரும்மா,” என்றாள் மங்கி, இரண்டு தடவையும்.

ஒரு வழியாகப் பேசி முடித்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

“உனக்கு அந்தப் படிப்பு பிடிக்கலையேனு நான் இத்தனை நாளா வருத்தப்பட்டுட்டு இருந்தேனேம்மா,” என்றார். “சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வந்தேன்பா. தண்ணி குடுத்தீங்க, உப்பு குடுத்தீங்க, டீ குடுத்தீங்க.”

கடைசித்தேதி மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த அலுவலகம் பார்த்ததில்லை. தாளைத் திரும்ப எடுத்து, “சரி, அந்த ஊரே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. வரேன்னு சொன்னது நீ. வரலைன்னு நீயேதான் சொல்லணும். ரெண்டு பேர்கிட்டயும். என்னால ஆகாது,” என்று போனை அவள் பக்கம் தள்ளினார்.

தாடிக்காரர் சுலபத்தில் விட்டுவிட்டார். போட்டோவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சிவப்புக் கோட்டுப் பெண்மணியிடம்தான் பிராணன் போயிற்று. எங்கள் பாஷையில் கிளம்பும்போது வரேன் என்றுதான் சொல்வோம் மேடம், வருவதாக அர்த்தம் இல்லை, போவதாக அர்த்தம், என்று மங்கி வியர்க்க வியர்க்க விளக்கினாள். பிறகு அந்தப் பெண்மணி ரொம்பக் கவனமாகக் கேட்டாள்: அப்படியானால், இப்போது வரவில்லை என்கிறாயே, நான் உன்னை எதிர்பார்க்க வேண்டுமா?

மிச்சமிருந்தது சித்தி. அதுதான் கஷ்டம். பல்கலைக்கழகம் என்ன, போனை வைத்ததும் மறந்துவிடும். சித்தி கட்டில் வாங்கியிருக்கிறாள். “நான் பேசிடறேன், எனக்கு விடு,” என்று அம்மா வழக்கம்போலப் போனை எடுத்தாள். மங்கி கையை நீட்டினாள். அம்மா கொடுத்துவிட்டாள்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். திரை நிறையச் சித்தியின் முகம். சித்தி எப்போதும் அப்படித்தான், கண்ணுக்கு மை, வாய் நிறையச் சிரிப்பு, ‘இங்க எல்லாம் சூப்பர்டி’ என்றுதான் ஆரம்பிப்பாள்.

“மங்கி! கட்டில் வந்துடுச்சு பாரு! மெத்தையைப் பாரு, எப்படி அமுங்குது! ஜன்னல்கிட்ட போட்டிருக்கேன். உனக்குத் திரை என்ன கலர்னு சொல்லு…”

“சித்தி, நான் அங்க வரலை.”

சித்தியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று மங்கி போனை ஆட்டினாள்.

“சித்தி, கேக்குதா?”

“கேக்குது,” என்றாள் சித்தி. “உங்க அப்பா சொல்லச் சொன்னாரா?”

“இல்ல சித்தி. நானாத்தான் சொல்றேன். எனக்கு வேற ஊருக்குப் போகணும்.”

“அங்க யாருடி இருக்கா?”

“யாரும் இல்ல. ஒரு பாறை இருக்கு.”

சித்தி கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் சரசரத்தது. சித்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள், மை கன்னம் வரைக்கும் இழுபட்டது.

“பாறைக்கு என்னை விட்டுட்டியாடி? சரி, போ. கட்டிலை நானே வச்சுக்கறேன். உங்க சித்தப்பா குறட்டைக்கு எனக்கும் ஒரு போக்கிடம் வேணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உனக்கு எவ்வளவு தைரியம் பாரு. எனக்கு வரலை. இந்த ஊர் மாப்பிள்ளைன்னு சொன்னப்போ, பொண்ணுக்கு இஷ்டமானு கேட்டாங்க. உங்க அம்மா, அவளுக்கு ரொம்ப இஷ்டம்னு சொல்லிட்டா. நானும் சரி, இருக்கும்போலனு நினைச்சுக்கிட்டேன். சித்தப்பா நல்லவர்தான். ஆனா பகல் பூரா இந்த வீட்டுல நான் யார்கூடடி பேசுவேன்? நீ வர்றேன்னதும் எனக்கு… சரி விடு. இங்க எல்லாம் சூப்பர்தான்.”

மங்கிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. கையைப் புடவையில்கூடத் துடைக்காமல் வந்து, மங்கியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“உனக்கு என்னடி வேணும்?” என்றாள்.

அம்மாவின் உதடு துடித்தது. பதில் அவளுக்கு நாக்கின் நுனியில் வந்து நின்றிருக்கும், அவள் யார்! ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அம்மா காத்திருந்தாள். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சரசரத்தது, நின்றது, மறுபடி சரசரத்தது.

“கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கணும்க்கா,” என்றாள் சித்தி.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், அதுவும் சித்தியின் திரையில் தெரியாத உயரத்தில். மங்கி எட்டிப் போனுக்குள் முகத்தைக் காட்டினாள்.

“வாங்க சித்தி. என் ரூம் காலியாத்தான் இருக்கும்.”